மில் விலக்கு

கப்பலூர் தாண்டி
மில் விலக்கு என்று மஞ்சள் போர்டில் கொட்டையெழுத்து.
அந்தச் சொல்லை வாய்விட்டுக் கத்துகிற
ஒரே ஆண், பஸ் நடத்துநர்.
ஏறினேன். மடியில் ஐஸ் பெட்டி.
"என்னம்மா, மீனா?"
ஆமாம் என்றேன்.
பெட்டிக்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.

உள்ளே இருபத்திரண்டு பஞ்சுக் குச்சிகள்,
குப்பிக்கு ஓர் எண்.
பெயர் எழுதக் கூடாது, ஆய்வு விதி.
ஆனாலும் எனக்குத் தெரியும்
பதினேழு என்பது ஒச்சம்மாள்.
கருமாத்தூர்க்காரி. நூல் அறுந்தால்
ஓடிப்போய் ஒட்டுகிறவள்.

படிவத்தில் 'பிறப்புறுப்பு' என்று அச்சடித்திருந்தோம்.
வாசித்தேன்.
யாருடையதைக் கேட்கிறேன் என்பதுபோல்
சுற்றிலும் பார்த்தாள்.
'கீழ' என்றேன்.
"அப்படிக் கேளுங்க."

துணியா, நாப்கினா, கப்பா?
ஒன்றை மட்டும் டிக் செய்யவும்.
சம்பளம் போட்ட பத்து நாளைக்குள் வந்தால் நாப்கின்,
தள்ளி வந்தால் துணி என்றாள்.
கப்பை எடுத்துக் காட்டியதும்
அறையே சிரித்தது.
ஒருத்தி அதில் டீ ஆற்றிக் காட்டினாள்.

துணியை எங்கே காயப்போடுவீங்க?
"கொடியிலதான். மேல சுடிதார் டாப்பு."
சித்திரையில் இங்கே
பாறையே தோலுரியும்.
அந்த ஒரு முழத்துக்கு மட்டும் நிழல்.

எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவீர்கள்
என்பது பதினோராம் கேள்வி.
கழிப்பறைக்குப் போக டோக்கன் வேண்டும்,
ஒன்பது பேருக்கு ஒரு டோக்கன்.
எட்டுக் கை தாண்டி வருவதற்குள்
ஷிப்டு மணி அடித்துவிடும்.
டோக்கனுக்குப் படிவத்தில் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதினேன், பென்சிலால்.

தாளில் தொட்டதும்
மஞ்சளாக நிற்க வேண்டியது
பச்சைக்குப் போயிற்று.
மோர் மாதிரி அங்கே ஒரு புளிப்பு இருக்கணும்,
அதுதான் காவல், அது குறைஞ்சிருக்கு என்றேன்.
மருந்துச் சீட்டு கொடுத்தேன்.
மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றாள்.
"கெட்டுப்போச்சுன்னு மட்டும் எழுதாதீங்க மேடம்.
வார்டன் படிக்கும்."

பழங்காநத்தத்தில் பஸ் நிற்கிறது,
நிற்கிறது.
காலை ஆறரைக்கு நான் வைத்தது,
இப்போது நாலே கால்.
எனக்கு டோக்கன் தேவையில்லை.
கழிப்பறை எங்கேயென்று
அந்த மானேஜரிடம் கேட்க வாய் வரவில்லை,
இருபத்திரண்டு பேரிடம்
எல்லாம் கேட்ட வாய்.
பெட்டிக்குள் ஒரு குப்பி மிச்சம்,
எண் ஒட்டாமல்.

"ஏம்மா, மீன் தண்ணி ஒழுகுது பாரு."
பக்கத்து சீட்டுக்காரர் காலைத் தூக்கிக்கொள்கிறார்.
பெட்டியைக் கீழே வைத்து
எழுந்து
சீட்டைத் திரும்பிப் பார்க்கிறேன்.

தண்ணீர்தான்.