கண்ட

காலிக்கு மாற்றலாகிப் போகும்போது
பக்கத்து வீட்டு வீரக்கொடி அம்மா கையளித்துப் போனவை:
கேற்றுத் திறப்பு, ஒரு தாள், சூட்டி.

தாளில் கொஞ்சம் சிங்களம், கொஞ்சம் தமிழ்.
காலையில் உலர் தீன் ஒரு சுண்டு.
இரவில் டின் தீன் அரைவாசி.
ஞாயிற்றுக்கிழமை பச்சை மீன், தலை வேண்டாம்.
அடியில் கோடு போட்டு:
‘கண்ட’ என்று சொன்னால்தான் வாய் வைப்பாள்.

அவர்களுக்கு அது ‘சாப்பிடு’.
எங்களுக்கு
ஏற்கெனவே பார்த்து முடிந்த ஏதோ ஒன்று.

உவர்மலையில் பதினேழு வருஷம்,
எங்கள் குசினியில் முட்டை உடைந்த சத்தம் கிடையாது.
“கோட்டையடியில் மானே சோற்றுப் பார்சல் தாளைத் தின்னுது,
நாய் பருப்பும் சோறும் தின்னாதோ?” என்றார் கைலைநாதர்.
தின்னவில்லை. இரண்டு நாள்.
மூன்றாம் நாள் உலர் தீனுக்கு இறங்கி வந்தார்.

பையைக் கத்தரித்தேன்.
சின்னச் சின்ன உருண்டை, கையில் ஒட்டாது,
சைவம் என்று சொல்லிக்கொள்ள இடமிருந்தது
பின்பக்கத்து எறும்பெழுத்தை வாசிக்காதவரை.
வாசித்தேன்.
வங்கியில் எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.
கோழி. கோழி ஈரல். மீன் மா.
காய்ந்து, அரைபட்டு, மணத்தைத் தொலைத்துவிட்டு வந்தால்
உயிர்
தானியமாகிவிடுமா?

மிருக வைத்தியர் சிஃபானா வாயைத் திறந்து பார்த்தா.
“பதினொரு வயசு, ரெண்டு பல் ஆடுது.
சிறுநீரகத்துக்கு ஈரம் வேணும்.
இதை வெந்நீர்ல ஊற வைங்க, இல்லாட்டி டின் குடுங்க.
பச்சையெண்டா உறைய வச்சு, முள்ளெடுத்து.”
டின் என்றதும் கைலைநாதர்
சுவரில் இருந்த பல்லிப் படத்தை வாசிக்கத் தொடங்கினார்.

திருக்கடலூர்க் கரையில் ஒரு கூறு சூடை கேட்டேன்.
“அக்கா மச்சம் தொடங்கிட்டியளோ?”
நாய்க்கு என்றேன்.
“ஓமோம், முதல்ல எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்.”

வெளிப்பைப்படியில் கழுவினேன், மூச்சை அடக்கி.
வயிறு கிழிக்கும்போது விரல் நடுங்கவில்லை என்பதுதான்
எனக்குப் பயமாயிருந்தது.
ஐஸ் பெட்டியில் தேங்காய்ப்பூவுக்குப் பின்னால் பொதி,
மேலே என் கையெழுத்தில்: பலாக்கொட்டை.

அன்று கவுண்டரில் காசு எண்ணினேன்.
இத்தனை வருஷமும் கடற்கரைக்காரரின் நோட்டில்
மீன் மணக்கிறதென்று
விரல் நுனியால் எண்ணியவள்.
இன்று மணந்தது நோட்டல்ல.

பின்வளவில் புதிதாய்க் கற்பூரவள்ளி.
நாலு கன்று, நாலு டின்.
தாள் உரித்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி,
அடியில் ஆணியால் துளையிட்டு,
அப்படியொரு சுத்தம்.
ஒன்றின் விளிம்பில் மட்டும்
கிழிபடாத காகிதத் துண்டு, அதில்
ஒரு நாயின் காது.

நான் கேட்கவில்லை.
அவரும் பலாக்கொட்டைக் கறி எப்போது என்று
கேட்கவில்லை.
சூட்டி இரண்டு பக்கமும் தின்று
கழுத்துப்பட்டியில் ஒரு ஓட்டை தள்ளிப் போனாள்.

வெள்ளிக்கிழமை. விளக்கேற்றிய நேரம்.
சாமியறையில் அவர் கண்மூடி, குரல் உயர்த்தி,
“திரு நீல கண்ட…”

பின்வளவிலிருந்து நகம் வழுக்க ஓடி வந்து
படியில் முன்கால் ஊன்றி அமர்ந்தாள்,
வாயிலிருந்து நூலாய் எச்சில்.
அவர் கண் திறந்தார்.
படத்தில்
நஞ்சைப் பச்சையாகவே விழுங்கியவர்.
கீழே
உத்தரவு கிடைத்துவிட்ட ஒருத்தி.

திருநீற்றுக் கையோடு என்னைப் பார்த்தார்.
நான் கிண்ணத்தை எடுக்கப் போனேன்.
“ஊற வச்சதோ?” என்றார்,
பிறகு குரலைத் தாழ்த்தி,
“அந்தப் பலாக்கொட்டையிலயும் ரெண்டு போடும்.”