சங்காயம்

ஆறு நாளும் ஐஸ்மேல் படுத்திருக்கும் மீன்களுக்கு
விலைச்சீட்டு அச்சடிக்கிறேன்.
ஹமூர் அறுபத்திரண்டு திர்ஹம்.
ஷேரி இருபத்தொன்பது.
கண் கலங்கிய சீலா, மாலை ஐந்துக்கு மேல் பாதி.
ஏழாம் நாள் கோர்ஃபக்கான் துறையில்
வாடகை உடுப்புக்குள் தொப்பையைத் திணித்து
முதுகில் காற்றைக் கட்டிக்கொண்டு
படகின் விளிம்பிலிருந்து பின்பக்கமாக விழுகிறேன்.

இறங்க இறங்கச் சிவப்பு போய்விடும்.
ஐந்து மீட்டரில் என் துடுப்புக்காலணி
காய்ந்த ரத்த நிறம்.
பத்தில் அது சிவப்பென்று
நானாகச் சொல்லிக்கொண்டால்தான் உண்டு.

பொந்திலிருந்து களவா ஒன்று எட்டிப் பார்த்தது.
ஒண்ணேகால் கிலோ தேறும், என்றது வாய்.
சொல் குமிழியாகி மேலே போனது.
கூச்சமாக இருந்தது,
ஒருவர் வாசலில் நின்றுகொண்டு
அவர் எடையைச் சொன்ன மாதிரி.

கிளிமீன்கள் பவளம் கடிக்கும் சத்தம்.
பக்கத்து அறையில் யாரோ
முறுக்குத் தின்கிறார்கள்.

மரிவிக் சிலிண்டரைத் தட்டினாள், டிங் டிங்.
வா என்றாள், நில் என்றாள், பார் என்றாள்,
எல்லாம் ஒரே கையால்.
பார்த்தேன். கடற்பஞ்சு.
மறுபடி காட்டினாள்.
பஞ்சுதான். மேலே கொஞ்சம் சேறு.
மூன்று வருடமாக அவள் தேடுவது எதுவென்று தெரியும்;
தெரிந்தும் எனக்குப் பஞ்சுதான் தெரிந்தது.

அப்புறம் பஞ்சு கொட்டாவி விட்டது.

விளக்கை அடித்தாள்.
சாம்பலுக்குள்ளிருந்து ஆரஞ்சு பற்றிக்கொண்டது.
கடுகளவு கண். முன்துடுப்பு இரண்டும் கைகள்.
நீந்தத் தெரியாதது போல
ஒரு கையை எடுத்து வைத்தது பாறையில்,
யோசித்து,
மற்றதையும்.

மரிவிக்கிடம் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது.
அவள் புத்தகத்தில் இன்னொன்று, நீளமாக.
தூத்துக்குடி ஏலக்கூடத்தில்
பதினோரு வருடம் விலை கூவிய என்னிடம் இல்லை.
ஆனால் பார்த்திருக்கிறேன்.
வலை உதறிய தரையில், சாளையும் இறாலும் பொறுக்கியபின்
மிச்சமாய்க் கிடக்கும் குவியலில்,
வெயிலில் நிறம் செத்து,
இந்தக் கைகளோடு.
சங்காயம் என்று மண்வெட்டியால் வாரிக் கொட்டியிருக்கிறேன்
கோழித் தீவனத்துக்கு.
கூடை ஒன்றுக்கு இவ்வளவு என்று. எண்ணியதில்லை.

விளக்கணைந்தது. மறுபடியும் கல்.
அழுத்தமானி ஐம்பதைக் காட்டியது.
கட்டைவிரலை மேலே காட்டினாள் மரிவிக்;
முகமூடிக்குள் அவளுக்குக் கண்ணீரா கடல்நீரா,
கேட்கவில்லை.

படகில் ஷஃபிகுல் இஞ்சித் தேநீர் ஊற்றினான்.
எவ்வளவு பெரிசு என்றான்.
விரலால் காட்டினேன், ஒரு எலுமிச்சம்பழம்.
இதற்கா இத்தனை பாடு? திங்கலாமா?

மரிவிக் சிரித்தாள்.
நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு
என்னவோ சொல்ல வாயெடுத்தேன்.
காதுக்குள் இன்னும் தண்ணீர் இருந்தது.