கிளை 14

வருகிற டிசம்பரோடு ஆதரவு நிற்கிறதாம்.
மொழியைச் செய்த கம்பெனி மின்னஞ்சல் போட்டிருக்கிறது.
ஆதரவு:
அந்தச் சொல்லை நான் கொச்சிக்கடையில்
அனாதை இல்லத்து உண்டியலில்தான் அதிகம் பார்த்தது.
இருபத்தாறு வருடத்தில் அவர்களை ஒருதரம் அழைத்தோம்,
அதுவும் லைசன்ஸ் காசு கட்ட.

செட்டியார் தெரு, மூன்றாம் மாடி.
கீழே நகைக்கடை ஷட்டர் இழுபடும்போது
நாள்முடிவை ஓடவிடுவேன்.
கறுப்புத் திரை, பச்சை எழுத்து,
முப்பத்தொரு கிளை, துண்டுக்குத் துண்டு வட்டி.
நாற்பது நிமிடம். ஐந்துலாம்படிக்கு நடந்து
கொத்து வாங்கி வந்தால் முடிந்திருக்கும்.
ஒரு சதம் பிசகாது.
(பிசகியதும் உண்டு. இரண்டாயிரம் பிறந்த அன்று
ஒரு மனிதருக்கு நூறு வருட வட்டி போட்டது.
தேத்தண்ணி கொடுத்துச் சமாளித்தோம்.)

இப்போது ராஜகிரியவிலிருந்து தினுக வருகிறான்,
வரி வரியாக வாசித்துப் புதியதில் எழுத.
ஒவ்வொரு விதிக்கும் எதிரே ஒரு பெட்டி:
யார் சொன்னது, எந்தச் சுற்றறிக்கை.
பெட்டி வெறுமையென்றால்
விதி இங்கேயே நிற்கும்.

நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
நின்றான்.
கிளை பதினாலு என்றால்,
துண்டு 26-12-2004க்கு முந்தியதென்றால்,
வட்டி பூச்சியம்.
"அக்கா, இது பக் தானே?" சிங்களத்தில் கேட்டான்.

சுற்றறிக்கை இல்லை.
ஞாயிறு கடல் வந்தது.
செவ்வாய் பின்னேரம் முதலாளி
வெறுங்காலோடு மூன்று மாடியும் ஏறி வந்து
"கல்முனையை நிப்பாட்டு" என்றார்.
எவ்வளவு காலத்துக்கு என்று கேட்க
எங்களுக்கு வாய் வரவில்லை.
பெனடிக்ற் மூன்று வரி தட்டினான்.
அவன் இப்போது ஸ்காபரோவில் லொறி ஓட்டுகிறான்.
முதலாளி செத்துப் பதின்மூன்று வருடம்.
மகன்மாருக்கு இந்த வரி இருப்பதே தெரியாது.

பெட்டகத்தில் இன்னும் பதினேழு பொட்டலம்.
இரவிரவாக இந்த மொழி
பதினேழையும் ஒவ்வொன்றாய்ப் பிரித்துப் பார்த்து
பூச்சியம், பூச்சியம் என்று எழுதிவிட்டு
அடுத்த கிளைக்குப் போகிறது.
ஏழாயிரத்துச் சொச்சம் இரவு.

நேற்றுப் புதியதைச் சோதனைக்கு ஓட்டினோம்.
நாலு நிமிடம்.
வட்டி முதலைத் தாண்டினால் ஏலம், அது பொது விதி.
பிரின்டர் சுடச்சுடத் துப்பிய பட்டியலில்
முதல் பெயர் மீராஉம்மா.
காப்பு ஒரு சோடி, ஒன்று நெளிந்தது.

தினுகவின் கதிரையை என் பக்கம் இழுத்தேன்.
யார் சொன்னது என்ற பெட்டியில்
என் பெயரை அடித்தேன், முதலெழுத்தோடு.
திகதி: இன்று.
எதுவரைக்கும்: வெறுமையாக விட்டேன்,
சிவப்பில் கத்தியது,
9999 என்று போட்டதும் அடங்கியது.

கடைசிப் பெட்டி:
ஆதரவுக்கு யாரை அழைப்பது.

மார்ச்சில் எனக்கு ஓய்வு.
ஒஃபிஸ் இலக்கத்தை அழித்துவிட்டு
வீட்டு இலக்கத்தைக் கொடுத்தேன்.