ஓடுதளத்தில் துணி காய்கிறது

சத்தஹிப் துறையில்
மாதம் இருபத்தெட்டு நாள் கட்டிப்போட்ட கப்பல்.
முனை மட்டும் வானம் பார்த்து வளைந்திருக்கிறது,
கடைசி ஜெட் போனது தெரியாமல்.

சனிக்கிழமை பள்ளிப் பிள்ளைகள் கேட்பார்கள்:
விமானம் எங்கே மாமா?
சாப்பிடப் போயிருக்கிறது என்பான் வொராவுத்,
இறக்கும் சைகை அத்தனையும் கற்றவன்.
கொசு விரட்டத்தான் அவன் கை என்று
சமையற்கட்டில் பேச்சு.

நவம்பரில் தெற்கே வெள்ளம்.
எரிபொருள் கணக்கில்
மூன்று அலுவலகம் கையெழுத்திட்டபின் நகர்ந்தது.

பாக் பனாங் கழிமுகத்துக்கு வெளியே
கிழட்டு ஹெலிகாப்டர் ஒன்று:
போகையில் அரிசி, வருகையில் ஆட்கள்.
கொட்டும் மழையில் வொராவுத்
இரு கையும் விரித்து
மெல்ல, மெல்ல, இன்னும் இடது,
இறக்கு.

கதவு திறந்ததும் முதலில் குதித்தது
ஒரு சேவல்.
அதன் கால்கயிற்றைப் பிடித்தபடி
சுலீபொர்ன், நிறைமாதக்காரி.

விமானக் கூடத்தில் நானூறு பாய்.
ஓடுதளம் நெடுகக் கொடி கட்டித் துணி.
ஜெட் ஏற்றவென்று செய்த லிஃப்டில்
கஞ்சி அண்டா ஏறுகிறது.

விடியலில் சேவல்
வளைந்த முனையில் போய் நின்று
சிறகடித்தது.

வொராவுத்தின் கை
தானாக உயர்ந்தது:
புறப்படலாம்.