ஏழு பத்துக்குப் பாதி

வெண்ணெய் தடவும் கத்தியால்
ஜெல்லி மிட்டாயை இரண்டாக்கினான் ஆர்வோ.
ராஸ்பெர்ரி நிறம். கட்டைவிரல் நகத்தளவு.
முழுசுக்கு ஐந்து மில்லிகிராம் கஞ்சாச் சத்து.
"முதல் தடவை பாதி போதும்" என்றிருந்தாள்
மூக்கில் வளையம் போட்ட கடைக்காரப் பெண்.
"அப்புறம் இரண்டு மணி நேரம் சும்மா இருங்க.
கடிகாரத்தைக் கேளுங்க, உடம்பைக் கேக்காதீங்க."

துலூத்தில் ஜூலை மாதம்
ஒன்பது மணிவரை வெளிச்சம் கிடக்கும்.
சமையலறை ஜன்னல் நிறைய ஏரி.
ஏரியின் கடைசியில் ஒரு புள்ளி,
தாது ஏற்ற வரும் கப்பல்.
மின்கட்டண உறையின் முதுகில் எழுதினேன்:
ஏழு பத்து. பாதி.

பத்தொன்பது வருடம் தாதுத் துறையில்
இடுப்பைக் கொடுத்துவிட்டு வந்தவன்.
மாத்திரைகள் எல்லாம் வயிற்றைத்தான் தின்றன.
பீரை நானே எடுத்து ஒளித்து வைத்தேன்,
இரண்டும் சேரக் கூடாதாம்.

புகையென்றால் நெஞ்சில் ஏறி
நேரே மாடிக்குப் போய்விடும்.
தின்றது அப்படியல்ல.
வயிற்றில் உட்காரும், குடலில் ஊரும்,
ஈரலில் சட்டை மாற்றிக்கொள்ளும்.
மாற்றிய சட்டை இன்னும் முரடு.

ஏழு ஐம்பத்தைந்து.
"ஒன்றும் இல்லை ஹெல்வி, ஏமாற்றிவிட்டாள்" என்றான்.
நான் கொடியில் துணி எடுக்கப் போனேன்.
சமைக்கும்வரை பொறுத்தவனுக்கு
ஆறும்வரை பொறுக்கவில்லை.
மீதிப் பாதி. மேலே இரண்டு முழுசு.

கப்பல் அப்போதும் புள்ளிதான்.
புள்ளிக்கு ஒரு மூக்கு முளைத்திருந்தது, அவ்வளவே.

பாலம் எழும்பி, ஒரு நீளம் இரண்டு குட்டை என்று
கப்பல் ஊதியபோது
ஆர்வோ நாற்காலியின் கைகளைப் பிடித்திருந்தான்.
"எனக்கு விழுங்க மறந்துவிட்டது."
குளிர்பெட்டி தன்னைப் பற்றிப் பேசுகிறதென்றான்.
இதயம் தன் காதுக்குள் குடிவந்துவிட்டதென்றான்.
காலிக் காகிதத்தை நாய் நக்கிக்கொண்டிருந்தது.
முதலில் அதைப் பிடுங்கினேன்.

விஷ உதவி எண்ணில் ஒரு பெண் குரல்,
தூக்கம் கலையாத, ஆனால் பதறாத குரல்.
எத்தனை, எப்போது, குடித்தாரா,
வேறென்ன மருந்து, நெஞ்சு வலிக்கிறதா.
உறையைப் பார்த்து ஒப்பித்தேன்.
நெஞ்சு வலித்தால், எழுப்பியும் எழாவிட்டால்
உடனே ஆம்புலன்ஸ்.
இல்லையென்றால் மங்கல் விளக்கு, தண்ணீர்,
ஒருக்களித்த படுக்கை, பக்கத்தில் ஓர் ஆள்.
"இன்னும் ஏறும்" என்றாள். "பிறகு இறங்கும்.
தாமதமாக வந்தது தாமதமாகத்தான் போகும்."
நாயைப் பற்றியும் கேட்டாள். காகிதம் மட்டும்தான் என்றேன்.
கால்நடை மருத்துவர் எண்ணும் தந்தாள்.

கார் சாவியை மாவு டப்பாவுக்குள் புதைத்தேன்.
பதினொன்றுக்கு அவன் அழுதான்,
ஒரு மணிக்கு தன் கையைப் பார்த்துச் சிரித்தான்.
மூன்றரைக்குக் குறட்டை.
காலையில் நான்கு முட்டை தின்றுவிட்டு
என் முகத்தைப் பார்க்கவில்லை.
பகல் முழுக்க அவனை ஓட்டவிடவில்லை நான்.

மிட்டாய்கள் இப்போது தூண்டில் பெட்டியில், பூட்டுக்குள்.
பக்கத்து வீட்டு ரூனாவுக்கு நான்கு வயது.
அவளுக்கு அந்தச் சிவப்பு வெறும் சிவப்பு.

அடுத்த வெள்ளி. ஏழு பத்து. பாதி.
ஏரியில் கப்பல் எதுவும் இல்லை.
இருந்தும் இருவரும் ஜன்னலைப் பார்த்தே இருந்தோம்.
தட்டுகளை அவன் கழுவினான், நான் துடைத்தேன்,
சீட்டுக்கட்டில் இரண்டு முறை தோற்றேன்.

எப்போதோ ஒரு நேரம்
நாற்காலியில் திரும்பி உப்பை எடுத்தான்,
முனகாமல்.
மணி என்ன என்று
உறையில் குறிக்க மறந்துவிட்டேன்.