முள் பொறுக்கிய வெள்ளிக்கிழமை

மவுசாகலையில் தண்ணீர் வற்றி
பழைய மஸ்கெலியாக் கோயிலின் தலை தெரிந்த மாசம்
அணைக்கட்டின் சேற்றை அளக்க வந்திருந்தாள் ஹெனியா,
உருகுவேக்காரி.
பங்களாவில் சமையல் என்னுடையது.

கெண்டை ஒன்று, மூன்று கிலோ,
மூழ்கிய கோயிலைச் சுற்றி மேய்ந்து கொழுத்தது.
செதில் இருக்கிறதா, செட்டை இருக்கிறதா,
புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.
புதுப் பலகை, புதுச் சட்டி,
பெட்டியிலிருந்து அவளுடைய கத்தி.

கெண்டைக்குக் கவட்டை முள்.
விளக்கில் பிடித்து, விரலால் தடவி,
இரண்டு பேருமாக ஒரு மணித்தியாலம் எடுத்தோம்.
வெங்காயத்தோடு பசையாகும்வரை கொத்தினோம்.
முட்டையைக் கிளாசில் உடைத்து
இரத்தப் பொட்டு இல்லையென்று கண்டபிறகே ஊற்றினாள்.
புளிக்காத ரொட்டித் தூள், உப்பு, மிளகு,
சீனி.
நான் கையைப் பிடிக்கப் போனேன். மீனுக்கா சீனி!
"அம்மா வீட்டில் சீனி, அப்பா வீட்டில் மிளகு.
கல்யாணமே இதில் நின்றுபோகப் பார்த்தது."

தலையும் முள்ளும் கறட் வட்டமும் கொதித்த தண்ணீரில்
ஈரக்கையால் உருட்டி உருட்டிப் போட்டோம்.
ஒன்றரை மணித்தியாலம், சத்தமில்லாத தீ.
என் கை மூன்று தரம்
மிளகாய்த்தூள் போத்தல்வரை போய்த் திரும்பியது.

அவர்கள் ஊர்க் காரவேர் இங்கே இல்லை.
நுவரெலியா முள்ளங்கியைத் துருவி
பீட்ரூட்டில் பிசைந்து கடுகு அரைத்துச் சேர்த்தேன்.
மூக்கில் ஏறி, கண் கலங்கி,
சரிதான் என்றாள்.

பேருக்கு அர்த்தம் கேட்டேன்.
அடைத்த மீன்.
முன்பெல்லாம் தோலுக்குள் திருப்பி அடைப்பார்களாம்.
இப்போது யார் அடைக்கிறார்கள்,
பேர் மட்டும் இருக்கிறது.

முள்ளைத் தின்னும்போது எடுத்தால் ஆகாதா?
ஆகாது, நாளை ஓய்வு நாள்.
பொறுக்குவதும் வேலை,
மீனிலிருந்து முள்ளைப் பொறுக்குவதுகூட.
சிரிக்காமல்தான் சொன்னாள்.
நான் அடுப்பைக் கொஞ்சம் தணித்தேன்,
தணிக்கத் தேவையே இருக்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம்
பூங்காவனம் மலையிலிருந்து இறங்கினாள்.
கொழுந்து இரண்டு கிலோ குறைவாம்,
அரைப்பேர்.
நெற்றியில் கூடைக் கயிற்றின் தடம்.
குளிர்ந்து கட்டிய சாற்றோடு இரண்டு உருண்டை
லயத்துக்குக் கொண்டுவந்திருந்தேன்,
தலைக்கொரு கறட் வட்டம்.
கட்டச் சம்பல் கேட்டாள். வைத்தேன்.
"முள்ளு இல்ல புள்ள, சும்மா தின்னு."

அவள் நம்பவில்லை.
கறை ஏறிய விரல்களால் பிட்டுப் பிட்டு
கடைசித் துண்டுவரை
தேடிக்கொண்டே தின்றாள்.