இடப்பக்கம்

வாங்கிய நாளிலிருந்தே
கையை எடுத்தால் வண்டி இடப்பக்கம் போகும்.
ரோட்டின் சரிவு, என்றார் அத்தான்.
விற்றவர் அவர்தான்.
நம்ம ஊர்ல எந்த ரோடு நேரா கிடக்கு கொழுந்தியா,
என்று சிரித்தும் வைத்தார்.
நானும் சரிவென்றே ஓட்டினேன், இரண்டு மழைக்காலம்;
எங்கள் ஊர்க் கணக்கில் அது ஒரு வருஷம்.

சிவப்பு. சின்ன உடம்பு. அதற்குப் பொருந்தாத எஞ்சின்.
மூன்றாம் கியரில் மிதித்தால்
ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு ஓடப் பார்க்கும்.
போன போனஸில் புது டேம்பர் போட்டேன்,
பதினாறு கிளிக் உள்ளது.
பகலெல்லாம் ஊராருடைய ரத்தத்தில் சர்க்கரை அளப்பவள் நான்,
அளக்காத ஒன்றை நம்ப வராது.

இரவு பதினொன்றுக்கு மேல்
மார்த்தாண்டம் மேம்பாலம்தான் என் லேப்.
இணைப்புக்கு இணைப்பு டொக், டொக்.
இறங்கி, பானெட் திறந்து,
குமிழைத் திருகி, மறுபடியும் ஏறுவேன்.
இறுக்கத்திலிருந்து எண்ணினால்
ஆறில் பல் கிட்டித்தது.
பத்தில் வள்ளம் மாதிரி ஆடியது.
எட்டில்
டொக் கொஞ்சம் தொப் ஆனது.
ஐந்தாம் சுற்றில் போலீஸ்காரர் மறித்தார்.
என்னம்மா தொலைச்சிய?
சத்தம் சார். இன்னும் தொலையல்ல.

தக்கலை மேட்டுக்கடையில் ஜஸ்டஸின் பட்டறை.
கம்பியால் நெம்பிப் பார்த்ததும் சொன்னான்:
கீழ்க்கை புஷ் கிழிஞ்சாச்சு.
உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்,
வெடித்த கருப்பு ரப்பர்,
எங்கள் தோட்டத்துப் பாலாகக்கூட இருக்கலாம்,
எங்கெல்லாமோ சுற்றி
என் சக்கரத்தடியில் வந்து கிழிந்திருக்கிறது.

புதியதை அழுத்தி ஏற்றிவிட்டு
போல்ட்டை முழுசாய் முறுக்கவில்லை.
இப்பம் முறுக்கப்பிடாது, என்றான்.
வண்டி அந்தரத்துல நிக்கு.
தரையில எறங்கி, தன் பாரத்துல உக்காரணும்.
அதுக்கு முன்ன முறுக்குனா
ரப்பர் ஆயுசுக்கும் திருகியே கிடக்கும்.
பழசு அப்பிடித்தான் கிழிஞ்சிருக்கு.
எவனோ அவசரக்காரன்.

பிறகு என்னை உள்ளே உட்காரச் சொன்னான்.
வெயிட்டு வேணும்.
ஐம்பத்தெட்டு கிலோ.
யாரும் இதுவரை
இவ்வளவு மரியாதையாய் அதைக் கேட்டதில்லை.

திரையில் எண்கள் நடுங்கி நின்றன.
கேஸ்டர், வலது நாலு.
இடது மூன்று புள்ளி ஒன்று.
சக்கரத்தை ஒடித்து, திருப்பி, மறுபடி அளந்தான்.
மூன்று புள்ளி ஒன்று.
ஜஸ்டஸ் குழிக்குள் இறங்கி
டார்ச் அடித்தபடி ரொம்ப நேரம் பேசவில்லை.
அப்புறம் சக்கரத்தடியிலிருந்து குரல் மட்டும்:
இது இடிச்ச வண்டி, கேட்டியளா.
முன்னால, இடப்பக்கம்.
சப்ஃப்ரேம் நாலு மில்லி பின்னுக்குப் போயிருக்கு.
பெயிண்டு நல்லா அடிச்சிருக்கான்.

ஒரு கீறல் கிடையாது கொழுந்தியா.
பைபிள் மேல் கைவைக்காத குறையாய்ச் சொன்ன வாய்.
எனக்குக் கோபம் வரவில்லை,
முதலில் வந்தது நிம்மதி.
ஒரு வருஷமாய்
என் கைதான் கோணல் என்று நினைத்திருந்தேன்.
கோபம் டீ குடிக்கும்போது வந்தது.

நாலு போல்ட் தளர்த்தி, நெம்புகோல் வைத்து
ரெண்டு பேர் மூச்சுப் பிடித்தார்கள்.
நகர்ந்தது.
மூன்று புள்ளி எட்டு.
மிச்சம் வராது, என்றான், இரும்புக்கு ஞாபகம் உண்டு.

அக்கா மகனின் ஞானஸ்நான விருந்தில்
மட்டன் பரிமாறிக்கொண்டே கேட்டார் அத்தான்:
வண்டி இப்பம் எப்பிடி?
நேரா போவுது.
ரோட்டை சரியாக்கிட்டாங்க, என்றேன்.
கரண்டி ஒரு நொடி நின்றது.
பிறகு என் இலையில்
எலும்பில்லாத துண்டாய்த் தேடி வைத்தார்.
சாப்பிட்டேன். நல்ல வேக்காடு.

அன்று சாயங்காலம் ஆரல்வாய்மொழி வரை போனேன்.
திரும்பும்போது
காற்றாலைகள் அத்தனையும் சுழன்றுகொண்டிருக்க
கையை எடுத்தேன். ஒன்று. இரண்டு.
மூன்றில்
வலப்புறமிருந்து ஒரு வீச்சு,
வண்டி இடப்பக்கம் ஒதுங்கியது.

அது காற்று.
சந்தேகமே இல்லை, காற்றுதான்.